விளக்குக் கம்பத்துக்கு மூக்கு முளைத்த விந்தை

ஸ்பெயின் தேசத்தின் வடகரையில் ஸாண்டாண்டர் என்று ஒரு துறைமுகப் பட்டணம் இருக்கிறது. ஜனத்தொகை ஏறக்குறைய ஒன்றே முக்கால் லட்சம். 2010-ம் வருஷத்தில் ஐரோப்பிய யூனியனின் பொருளுதவியைக் கொண்டு, அவ்வூர்ச் சர்வகலாசாலையாரும் நகரசபையாரும் டெலிபோனிகா என்ற டெலிபோன் கம்பெனியாரும் கூடி ஒரு விசித்திரமான காரியத்தை ஆரம்பித்தார்கள். ஊரெங்கும் சுமார் 12,000 சிறு கருவிகளைப் பொருத்துவதென்பதே அது.

விளக்குக் கம்பத்தில் தொங்கும் ஒரு சிறு பெட்டி உஷ்ணத்தையும், வெளிச்சத்தையும், தெருச் சத்தத்தையும், காற்றிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷவாயுவையும் அளக்கிறது. (சத்தத்தின் அளவைத்தான் சொல்லுகிறது, ஊர் வம்பை ஒட்டுக் கேட்பதில்லை!) அளந்ததைக் குறித்துக்கொண்டு போக ஆள் வரவேண்டியதில்லை. ஒரு பெட்டி ரேடியோ அலை மூலம் அடுத்த பெட்டிக்குச் சொல்ல, அது அதற்கடுத்ததற்குச் சொல்ல, இப்படியே கைமாறிச் செய்தி தலைமை நிலையத்தை அடைந்துவிடுகிறது. பூங்காக்களில் மண்ணின் ஈரத்தை அறியும் கருவிகள் உண்டு; எப்பொழுது தண்ணீர் பாய்ச்சவேண்டுமென்பதை அவை தோட்டக்காரனுக்குத் தெரிவிக்கின்றன. மோட்டார் நிறுத்துமிடங்களில் தாருக்கடியில் புதைத்த கருவி, மேலே வண்டியின் இரும்பு வந்து நின்றதும் காந்த சக்தி மாறுவதைக்கொண்டு, 'இடமில்லை' என்று அறிவிக்கிறது. கம்பங்களால் நடக்க முடியாதல்லவா? ஆகையால் பஸ்களிலும் டாக்ஸிகளிலும் கூடக் கருவிகளை ஏற்றி அனுப்பினார்கள்.

இதனால் நமக்கென்ன என்று நேயர்கள் கேட்கலாம். நம் தேசத்திலும் 2015 ஜூன் 25-ந் தேதி நூறு நகரங்களைச் சீர்திருத்தும் பெருந்திட்டம் ஆரம்பமாயிற்று. 2025 மார்ச்சில் அது முடிவடைந்தது. நூறு நகரங்களிலும், பெரிய திரைகளில் ஊரைப் பார்க்கும் கட்டுப்பாட்டு நிலையங்கள் அமைந்தன. மத்திய சர்க்கார் வெளியிடும் காற்றுத் தர எண்ணையும் 2015 முதல் பார்த்து வருகிறோம். சந்தோஷமே. ஆனால் அந்த எண், நகரத்தில் சிற்சில இடங்களிலுள்ள விலையுயர்ந்த நிலையங்கள் சொல்லும் கணக்கு. அவ்விடங்களுக்கு அப்பாலுள்ள சந்தில் குப்பை எரிகிறதா, லாரிகள் புகை கக்குகின்றனவா என்பதை அது எப்படி அறியும்?

நுரையீரலின் ஆழம்வரை செல்லும் நுண்தூசி, வருஷ சராசரியில் ஒரு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராமுக்கு மேற்படக்கூடாதென்பது நமது சட்டம். உலக சுகாதார ஸ்தாபனம் 2021-ல் விதித்த அளவோ 5 தான். டில்லி மாநகரம் நம்முடைய தாராளமான எல்லையையே பல வருஷங்களாக இரட்டிப்புக்கு மேல் மீறி வந்திருக்கிறது. அந்தக் காற்றைத்தான் குழந்தைகள் சுவாசிக்கிறார்கள்.

ஆகவே சந்துகள்தோறும் மலிவான சிறு கருவிகள் வேண்டியவைதாம். ஆனால் அவற்றின் குறையையும் சொல்லியாகவேண்டும். அவை தூசியின்மீது ஒளியைப் பாய்ச்சி, சிதறும் ஒளியைக்கொண்டு அளக்கின்றன. பனிமூட்டமான காலையில் ஈரத்தால் பருத்த துகளைக் கண்டு, தூசி அதிகமென்று சாதித்துவிடும்! ஆதலால் சில வாரங்கள் நம்பகமான பெரிய யந்திரத்துக்கு அருகில் வைத்து, பிழையைக் கண்டு திருத்தவேண்டும். பின்னரும் அவ்வப்போது சோதிக்கவேண்டும். கருவி வாங்கப் பணம் ஒதுக்குவோர் இந்தச் சோதனைக்கு ஒதுக்க மறந்தால், ஆயிரம் கருவிகளும் ஆயிரம் பொய்களைச் சொல்லும்.

மற்றொன்று: ஸாண்டாண்டரில் கருவிகள் கண்டதைப் பொதுஜனங்கள் தங்கள் கைபேசியில் பார்க்கவும், தெருவில் குழி இருந்தால் அதன்மூலமே புகார் செய்யவும் ஏற்பாடு செய்தார்கள். நம் ஊர்களில் திரைக்கு முன் அமர்ந்த உத்தியோகஸ்தர் மாத்திரம் பார்த்தால் போதாது. சந்து முனையில் கருவியை மாட்டும்பொழுது, அதன் கீழே ஒரு கரும்பலகையையும் மாட்டி, அன்றைய எண்ணை அவ்வூர்ப் பாஷையில் எழுதிவைக்கட்டும். பலகைக்கு ஆகும் செலவு சொற்பமே.