படுத்துச் செய்யும் ஆசனம்

தலைகீழாக நிற்பதும் உடலை வில்லாக வளைப்பதுமே யோகம் என்று எண்ணி அஞ்சி ஒதுங்குகிறவர்கள், 15-ஆம் நூற்றாண்டில் ஸ்வாத்மாராமர் இயற்றிய ஹடயோக பிரதீபிகையிலேயே, தரையில் மல்லாந்து அசைவற்றுக் கிடக்கும் சவாசனம் இடம்பெற்று, களைப்பைப் போக்கி மனத்துக்கு விச்ராந்தி தருவதாகச் சொல்லப்பட்டிருப்பதை அறிந்தால் ஆச்சரியப்படுவார்கள்.

மெத்தை வேண்டாம், ஜமக்காளம் விரித்த தரையே உசிதம். கால்களைச் சற்று அகட்டி, பாதங்களைத் தம் போக்கில் வெளிப்புறம் சாயவிட்டு, உள்ளங்கைகள் மேல்நோக்கியிருக்கும்படி கைகளை உடலினின்று சிறிது விலக்கி வைத்துக்கொண்டு, கண்களை மூடியபின், கால் விரல்களில் தொடங்கி ஒவ்வோர் அங்கமாக மனத்தால் தொட்டுத் தளர்த்திக்கொண்டே மேலே வரவேண்டும். கை கால்கள் எளிதில் இணங்கிவிடும். முகந்தான் பிடிவாதம் பிடிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டிருப்பதும், நாக்கு மேலண்ணத்தில் அழுந்தியிருப்பதும், புருவங்களுக்கிடையே முடிச்சு விழுந்திருப்பதும் அப்போதுதான் நமக்கே தெரியவரும். சும்மா கிடப்பது இத்தனை சிரமமா என்று தோன்றினால், அப்பியாசம் சரியாகத்தான் நடக்கிறது என்று கொள்ளலாம்.

தசைகள் இளகி, வயிறு மெல்ல உயர்ந்து தாழும்படி சுவாசம் நீண்டு நிதானமாகும்போது, பரபரப்பு வேளையில் நம்மை முடுக்கிவிடும் நரம்புகளின் வேகம் தணிந்து, இருதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் சற்றே இறங்குகின்றன; அதற்காக மருந்தை நிறுத்திவிடுவது விவேகமாகாது. இடுப்பு வலியுள்ளவர்கள் முழங்காலுக்கடியில் தலையணை வைத்துக்கொள்ளலாம். நிறைமாதக் கர்ப்பிணிகள் மல்லாந்து படுக்காமல் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பதே க்ஷேமம். பத்து நிமிஷம் போதும். முடித்ததும் விசுக்கென்று எழாமல், ஒருபுறமாகத் திரும்பி, கையை ஊன்றி எழுந்து உட்காரவேண்டும். இடையில் குறட்டை கிளம்பிவிட்டால் அது ஆசனமல்ல, நித்திரை. அதுவும் உடம்புக்கு வேண்டியிருந்ததுதான் போலும்.