கீறலின் விலை

ஜூலை பிறந்தால் என் செல்போனுக்கு என் மேல் பாசம் பொங்கிவிடும். பெற்ற மகள் வாரத்துக்கு ஒருமுறை கூப்பிடுகிறாள். கார் இன்சூரன்ஸ்காரர்கள் நாளைக்கு நாலு முறை கூப்பிடுகிறார்கள். 2025 ஜூலையிலும் அப்படித்தான். முதலிலிருந்து நான் பாலிசி வைத்திருந்த கம்பெனியிடமிருந்து செய்தி வந்தது: ரினியூவல் தொகை 11,826 ரூபாய், பணம் கட்ட இங்கே தொடவும்.

தொடவில்லை. எச்.ஏ.எல். கணக்குப் பிரிவில் 33 வருடம் உட்கார்ந்து எழுந்தவன் நான். பில்லின் கடைசி வரியை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவனை அங்கே ஒரு மாதம்கூட வைத்திருக்க மாட்டார்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். நாலு நாள் கழித்து நான் கட்டியது 8,135 ரூபாய். யாரோடும் சண்டை போடவில்லை. எந்த வரி எதற்கு என்று கேட்டேன், அவ்வளவுதான்.

என் வண்டி 2021 ஜூலையில் வாங்கிய வேகன் ஆர், 998 சிசி. வீடு நியூ திப்பசந்திராவில். பெங்களூரில் கார் வைத்திருக்கும் நம்மவர்களுக்கு நான் கற்றதைச் சொல்லலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பேரம் படியாத வரி

பில் எத்தனை நீளமாக இருந்தாலும் உள்ளே மூன்று பகுதிதான். நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கு ‘தேர்ட் பார்ட்டி’. நம் வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கு ‘ஓன் டேமேஜ்’. இவற்றின் மேல் ஒட்டவைக்கும் ‘ஆட்-ஆன்’கள். மொத்தத்துக்கும் மேலே 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பரில் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்கு அந்த வரியை எடுத்துவிட்டார்கள்; வண்டிக்கு எடுக்கவில்லை.

தேர்ட் பார்ட்டி, சட்டம் கட்டாயமாக்கியது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவு. அது இல்லாமல் மாட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டும் சேர்ந்தோ கிடைக்கலாம். இதன் விலையை நிர்ணயிப்பது மத்திய அரசு. 2022 ஜூன் 1 முதல் வந்த விகிதப்படி 1,000 சிசி வரையுள்ள காருக்கு வருடம் 2,094 ரூபாய், 1,500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897. எந்தக் கம்பெனியில் கேட்டாலும் இதே தொகைதான். “தேர்ட் பார்ட்டியில் உங்களுக்காகத் தள்ளுபடி தருகிறேன் சார்” என்று யாராவது போனில் சொன்னால், நன்றி சொல்லி வைத்துவிடுங்கள்.

புதுக் கார் வாங்கும்போது மூன்று வருட தேர்ட் பார்ட்டியைச் சேர்த்தே வாங்கிவிடுகிறார்கள். ஷோரூமில் ஏன் என்று கேட்டேன். “ரூல் சார்” என்றார்கள். அந்த ரூலின் வேர் கோயம்புத்தூரில் இருக்கிறது. கங்கா மருத்துவமனையின் எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன், சாலை விபத்துகளைக் குறைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். அந்த வழக்கில் பிறந்த உத்தரவுதான் 2018 செப்டம்பர் 1 முதல் புதுக் கார்களுக்கு மூன்று வருடம், புது இருசக்கர வண்டிகளுக்கு ஐந்து வருடம் என்று வந்தது. முதல் வருடம் முடிந்ததும் இன்சூரன்ஸை அப்படியே விட்டுவிடுவது நம் ஊர்ப் பழக்கம். பிறகு அடிபட்டவருக்கு யார் பணம் கொடுப்பது?

இந்தப் பகுதியில் ஒரே ஒரு சின்னச் சலுகை உண்டு. அடுத்தவர் சொத்துக்கு நாம் ஏற்படுத்தும் சேதத்துக்கு 7.5 லட்சம் வரை கம்பெனி பொறுப்பேற்கும். அதை 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தால் பிரீமியத்தில் 100 ரூபாய் குறையும். இந்திரா நகர் 100 அடி ரோட்டில் நமக்கு முன்னால் நிற்கும் வண்டிகளைப் பார்த்துவிட்டு, அந்த நூறு ரூபாய் வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்.

ஒசூர் யோசனை

பேரம் படிகிற இடம் ஓன் டேமேஜ். அதற்கு அடிப்படை ஐ.டி.வி.; அதாவது வண்டி திருடுபோனாலோ முற்றிலும் நாசமானாலோ கிடைக்கக்கூடிய அதிகபட்சத் தொகை. நாலு வருடம் முடிந்து ஐந்தாவது வருடத்தில் இருக்கும் வண்டிக்கு விலையில் பாதியைக் கழிப்பார்கள். என் வண்டிக்கு அது 2,80,000 ரூபாய்.

2007 ஜனவரி வரை இந்தக் கட்டணமும் அரசுப் புத்தகத்தில்தான் இருந்தது. பெங்களூர், சென்னை போன்ற எட்டுப் பெரிய நகரங்கள் ‘ஏ’ மண்டலம், மற்ற ஊர்கள் ‘பி’ மண்டலம். வண்டி எங்கே பதிவானதோ அதுதான் கணக்கு. நம்மவர்கள் பலருக்கு இங்கேதான் ஒரு யோசனை உதிக்கும். என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர் சொன்னார்: “ஒசூரில் பதிவு பண்ணி டி.என். 70 போர்டு போட்டுக்கோய்யா, இன்சூரன்ஸ் பாதியாகிவிடும்.”

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தப் புத்தகப்படி 1,000 சிசிக்குள், ஐந்து வயதுக்குள் உள்ள காருக்கு ‘ஏ’ மண்டலத்தில் 3.127 சதவீதம், ‘பி’ மண்டலத்தில் 3.039 சதவீதம். 2,80,000-க்கு வித்தியாசம் 246 ரூபாய். இப்போது கம்பெனிகள் தாங்களே விலை வைக்கின்றன, தள்ளுபடியும் தருகின்றன. ஆனாலும் பாதியாகும் என்பது கதை. வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும், கர்நாடகச் சாலை வரியும் கட்ட வேண்டும். 246 ரூபாய்க்காக அத்திப்பள்ளி டோலில் நின்று கொண்டிருக்க என்னால் முடியாது.

உண்மையான வித்தியாசம் கம்பெனிக்குக் கம்பெனி இருக்கிறது. நான்கு பொதுத்துறை நிறுவனங்கள் உள்ளன. அவற்றில் யுனைடெட் இந்தியாவின் தலைமையகம் சென்னை. தனியாரில் சென்னையின் ராயல் சுந்தரம், சோழமண்டலம் எம்.எஸ்.; இந்த ஊரிலிருந்து இணையத்தில் விற்கும் ஆக்கோ போன்றவை. ஐந்து இடத்தில் விலை கேட்டேன். மிகக் குறைவாகச் சொன்ன இடத்தில் பார்த்தால், என் வண்டியின் ஐ.டி.வி.யை சத்தமில்லாமல் 2,40,000 ஆக்கியிருந்தார்கள். மாவு விலையைக் குறைத்துவிட்டு எடைக்கல்லையும் குறைக்கிற கதை. எல்லா இடத்திலும் ஒரே ஐ.டி.வி., ஒரே ஆட்-ஆன் என்று வைத்துத்தான் விலையை ஒப்பிட வேண்டும்.

இரண்டு தெரு, இரண்டு பாலிசி

எனக்கு வந்த பில்லில் ஆட்-ஆன்கள் மட்டும் 3,700 ரூபாய். எஞ்சின் பாதுகாப்பு, சாவி, டயர், ஆயில்-நட்டு-போல்ட்டு, ரோட்டில் நின்றால் உதவி, பம்பர் டு பம்பர். எதுவும் நான் கேட்டு வந்ததல்ல; எல்லாவற்றிலும் ஏற்கெனவே டிக் அடித்திருந்தது.

எது வேண்டும் என்று சொல்ல வேண்டியது ஏஜென்ட் அல்ல, நம் தெரு. இதை நான் கற்றது 2022 செப்டம்பரில். 4-ஆம் தேதி இரவு பெய்த மழையில் பெல்லந்தூர், எமலூர், சர்ஜாபூர் ரோடு எல்லாம் மிதந்தன. ஐ.டி. ஆட்கள் டிராக்டரில் ஏறி ஆபீஸ் போன படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். என் மகள் குடியிருப்பது வெளிவட்டச் சாலைப் பக்கம். அவர்கள் அடுக்ககத்தின் பேஸ்மென்ட் ஏரியாகிவிட்டது. தண்ணீர் வடிந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் ஓடிப்போய், வண்டி உயிரோடு இருக்கிறதா பார்க்கலாம் என்று சாவியைத் திருகினார். உள்ளே தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் தண்ணீரை அழுத்தப் பார்க்கும். தண்ணீர் அழுந்தாது, கனெக்டிங் ராடு வளையும். எஞ்சின் போனது.

வெள்ளம் சாதாரண பாலிசியிலேயே அடங்கும். ஆனால் தண்ணீரில் நின்ற வண்டியை முடுக்கியதால் வந்த கேடு பின்விளைவு, அதற்குப் பொறுப்பில்லை என்று அவருடைய கம்பெனி கைவிரித்தது. எஞ்சின் பாதுகாப்பு என்கிற ஆட்-ஆன் அந்த இடத்துக்குத்தான். மருமகன் அன்று இரவே எனக்கு போன் செய்தார். “மாமா, நாங்க சாவியைத் தொடவே இல்ல. டோயிங் வண்டி வந்து தூக்கிட்டுப் போகட்டும்னு விட்டுட்டோம்.” புத்திசாலி. அவருக்கு வருடா வருடம் எஞ்சின் பாதுகாப்பு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

எனக்கு வேண்டாம். என் தெரு மேட்டில் இருக்கிறது; மழைத் தண்ணீர் எங்களை எட்டிப் பார்த்துவிட்டுக் கீழே ஓடிவிடும். என் வண்டியின் எதிரி வேறு. திப்பசந்திரா மார்க்கெட்டில் ஒரு பக்கம் கொத்தமல்லிக் கட்டு, மறு பக்கம் நிறுத்திய ஸ்கூட்டர், நடுவில் ஆட்டோ. உரசிவிட்டு, “ஏனூ ஆகில்ல சார்” என்று சொல்லிக்கொண்டே போய்விடுவார்கள். அடி எல்லாம் பம்பரில், பக்கவாட்டுக் கண்ணாடியில், விளக்கில். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குச் சாதாரண பாலிசி விலையில் பாதிதான் கொடுக்கும். இரண்டு பம்பரும் விளக்கும் சேர்ந்து 24,000 ரூபாய் பிளாஸ்டிக் போனது என்று வையுங்கள். 12,000 நம் கையிலிருந்து போகும். கட்டாயமாக நம் பங்கு என்று வெட்டும் 1,000 ரூபாய் தனி. பம்பர் டு பம்பர் எடுத்தால் அந்த 12,000 மிச்சம்.

ஆகவே அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அடித்தேன். ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு என் ஸ்கூட்டர் பாலிசியிலேயே இருக்கிறது. ஒருவருக்கு எத்தனை வண்டி இருந்தாலும் அது ஒன்று போதும் என்பது 2019 முதல் விதி. காரிலும் அதற்கு 375 ரூபாய் போட்டிருந்தார்கள், அதையும் அடித்தேன். வேறொரு கம்பெனியில் ஓன் டேமேஜ் 6,000, அதில் என் போனஸ் 45 சதவீதம் போக 3,300, பம்பர் டு பம்பர் 1,500, தேர்ட் பார்ட்டி 2,094, வரி 1,241. மொத்தம் 8,135.

கைக்காசும் போனஸும்

அந்த 45 சதவீதம்தான் என் சொத்து. க்ளெய்ம் கேட்காத ஒவ்வொரு வருடத்துக்கும் நோ க்ளெய்ம் போனஸ் 20, 25, 35, 45, 50 என்று படியேறும். கம்பெனி மாறினாலும் கூடவே வரும். காரை விற்றாலும் வாங்கியவருக்குப் போகாது, நம்மிடமே நிற்கும். ஆனால் ஒரே ஒரு க்ளெய்ம் கேட்டால் அடுத்த ரினியூவலில் பூஜ்யம். பாலிசி முடிந்து 90 நாள் சும்மா விட்டாலும் பூஜ்யம். க்ளெய்ம் வாங்கிவிட்டு வாங்கவில்லை என்று எழுதிக் கொடுத்தால் பின்னால் பிடிபடும். அப்போது கைக்கு வர வேண்டிய பணமும் வராது.

6,000 ரூபாய் அடிப்படையில் கணக்கைப் பாருங்கள். இந்த வருடம் ஒரு க்ளெய்ம் கேட்டால் அடுத்த வருடம் 50 சதவீதத்துக்குப் பதில் ஒன்றுமில்லை: 3,000 நட்டம். அதற்கடுத்து 1,800, பிறகு 1,500, 900, 300. ஐந்து வருடத்தில் 7,500. வண்டி பழசாக ஆக அடிப்படை கொஞ்சம் இறங்கும். அதைக் கழித்தாலும் ஆறாயிரம் வந்துவிடும். ஆகவே சின்னச் சேதத்துக்கு ஜே.சி. ரோட்டில் பாகம் வாங்கி, தெரிந்த டிங்கரிங் கடையில் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்துக்கொள்வதே லாபம். பெரிய அடி பட்டால் யோசிக்காமல் க்ளெய்ம். பாலிசி அதற்குத்தானே.

பெரிய க்ளெய்மில் கம்பெனி தகராறு செய்தால் முதலில் அவர்களுக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ பதில் திருப்தியில்லையென்றாலோ ஜே.பி. நகர் முதல் கட்டத்தில் ஜீவன் சௌதா கட்டடத்துக்குப் போங்கள். கர்நாடகத்துக்கான இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் அலுவலகம் அங்கே இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

இத்தனை கணக்கையும் வீட்டில் விளக்கினேன். என் காரின் இடது பின்பக்கப் பம்பரில் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு கீறல், ஏதோ ஒரு ஆட்டோ போட்ட கையெழுத்து. மனைவிக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்காது. “இன்சூரன்ஸ்தான் இருக்கே, கொடுத்துச் சரி பண்ணக் கூடாதா?” என்றாள். “அது கீறல் இல்லை, 7,500 ரூபாய் சேமிப்பு” என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கையை நீட்டினாள். “சரி, அந்த 7,500-ஐ எடுங்க. வரலட்சுமி நோன்பு வருது.”