கணிப்பொறியில் எழுத்து மாற்றமும் பாடத் தூய்மையும்

ஏட்டுச் சுவடிகளில் புள்ளியிடும் வழக்கம் அருகியிருந்தமையின், பதிப்பாசிரியர்கள் மெய்யையும் உயிர்மெய்யையும் இடம் நோக்கியே பிரித்தறிந்தனர். நூல்கள் கணிப்பொறியில் ஏறிய பின்னரும் இடம் நோக்கும் கடமை நீங்கவில்லை. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் சொல் பொறிக்கு இரண்டாகின்றது. பைத்தான் மொழியில் எழுத்துகளை மாற்றும் முறையை இந்நோக்கில் ஈண்டு ஆராய்வோம்.

'கொடி' என்பதன் ஒகரக் குறி, ஒரே குறியாகவும் பதிவாகலாம். எகரக் குறி, கால் என இரு குறிகளாகவும் பதிவாகலாம். யூனிகோடு நெறி இவ்விரண்டையும் நிகரெனக் கொள்ளும். 'யூனிகோடுடேட்டா' தொகுதியிலுள்ள 'நார்மலைஸ்' கட்டளை, 'என்எஃப்சி' என்னும் வடிவில் அவற்றை ஒருமைப்படுத்தும். முதற்கண் செய்யத்தக்கது இதுவே.

இதனால் தீராத பிழையும் உண்டு. 'மௌனம்' என்பதை, எகரக் குறியையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டு 'மெளனம்' எனத் தட்டச்சிடுவோர் பலர். அச்சில் வேறுபாடு எளிதில் தோன்றாது. ஆயின் சொல்லடைவில் இவை இரு சொற்களாகும். ஒன்றைத் தேடுவார்க்கு மற்றது கிட்டாது. அவ்விணை வருமிடமெல்லாம் ஔகாரக் குறியாக்குக என 'ரிப்ளேஸ்' கட்டளையிடின், 'மெளனம்' திருந்தும். 'வெள்ளம்', 'தெளிவு' என்பன சிதையும். அக்கட்டளை இடம் நோக்காது என்பதே காரணம்.

ளகரத்தின்பின் புள்ளியோ உயிர்க்குறியோ வாராத இடத்து மட்டும் மாற்றுக என வரையறுத்தல் வேண்டும். 'ரீ' தொகுதியின் 'சப்' கட்டளை அவ்வரையறையை ஏற்கும். அதுவும் முற்றும் போதாது. கதை உரையாடலில் வரும் 'வெளக்கு' என்னும் பேச்சு வடிவம் இவ்விதியில் அகப்பட்டு 'வௌக்கு' ஆகிவிடும். ஆதலின், விதியில் அகப்படும் சொற்களைப் பட்டியலிட்டு நோக்கிய பின்னரே மாற்றுதல் தகும்.

ணகரமும் னகரமும் தம்முள் மாறிப் பதிந்த பாடத்தில் மற்றோர் இடர் நேரும். முதலில் ணகரத்தை னகரமாக்கிப் பின்னர் னகரத்தை ணகரமாக்கின், 'மணம்', 'மனம்' இரண்டும் 'மணம்' என்றே முடியும். இழந்த வேறுபாடு அப்பாடத்திலிருந்து மீளாது. 'டிரான்ஸ்லேட்' கட்டளை, அட்டவணை ஒன்றைக் கொண்டு ஒவ்வோர் எழுத்தையும் ஒரு முறையே நோக்கி மாற்றுதலின் இக்குழப்பம் எழாது.

பைத்தானில் எழுத்துச் சரம் மாறாத் தன்மையது. இக்கட்டளைகள் யாவும் புதிய சரத்தையே தரும். மூலத்தைத் தனியே காத்து, திருத்திய பாடத்தோடு ஒப்பு நோக்குதல் எளிது. பாட வேறுபாடுகளைக் காட்டும் பதிப்பாசிரியர், தாம் கொண்ட மாற்று விதிகளையும் முன்னுரையில் காட்டுதல் வேண்டும் என்பது நம் துணிபு.