பெட்ரோல் வாசனை வருதா சார்?

காரில் பெட்ரோல் வாசனை வந்தால், ‘மைலேஜ் குறையுதே’ என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு. போகப்போவது மைலேஜ் மட்டுமில்லை சார்! பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு தவழ்ந்து போய், எங்கோ இருக்கிற நெருப்பைத் தொட்டுவிடும். பூஜை விளக்கே போதும்.

என் பழைய அம்பாசடரில் பெட்ரோல் பம்ப்புக்குப் போகும் ரப்பர் ஹோஸ் வெடிப்பு விட்டிருந்தது. வயசாச்சு! போதாக்குறைக்கு 2023 முதல் வந்த 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வேறு. பழைய ரப்பருக்கு அது ஆகாது.

நானே இறங்கிவிட்டேன். வண்டியை வெட்டவெளியில் நிறுத்தி, இன்ஜின் ஆறியதும் பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றினேன். ஹோஸை உருவியதும், டேங்க்கிலிருந்து வரும் பைப்பை அடைத்தேன். இல்லாவிட்டால் பெட்ரோல் வழியும்.

டேப் சுற்றுவது, எம்-சீல் பூசுவது எல்லாம் இங்கே செல்லாது. தண்ணி ட்யூப்பும் கூடாது. ‘எஸ்.ஏ.இ. ஜே30’ என்று அச்சிட்ட ஃப்யூயல் ஹோஸ், பழைய அளவிலேயே. கூடவே இரண்டு புது கிளிப். அவ்வளவுதான்!

பேட்டரியை மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு சொட்டு கசியவில்லை.

ஹோஸ் மாற்றியதுகூட சுலபம். “என்னப்பா ரிப்பேர்?” என்று பீடியோடு குனிந்த எதிர்வீட்டுப் பெரியவரை அப்புறப்படுத்தினேன் பாருங்கள், அதுதான் பெரிய வேலை!