வீட்டு கம்ப்யூட்டரை வெளியிலிருந்து இயக்குவது எப்படி?

என் அலுவலகம் சிறுசேரியில். வீடு கிழக்கு தாம்பரத்தில். ஜி.எஸ்.டி. தாக்கலுக்குக் கடைசி நாளன்று, கணக்கு சாஃப்ட்வேர் பிழை காட்டுகிறது என்று அப்பா போன் செய்தார். ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் முன்பே செய்து வைத்திருந்தேன். ஆனாலும் இணைப்பு கிடைக்கவில்லை. மாலை நெரிசலில் வீடு போய்ச் சேர்வதற்குள் நள்ளிரவு நெருங்கிவிட்டது. தாமதக் கட்டணம் கட்டினோம். காரணம் பிறகுதான் புரிந்தது.

ரவுட்டரை அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ச்மேனாக நினைத்துக் கொள்ளுங்கள். உள்ளே உள்ள கம்ப்யூட்டர்களுக்கு 192.168.1.5 போன்ற முகவரிகள் இருக்கும். இவை தனி நெட்வொர்க்குகளுக்கென ஒதுக்கப்பட்டவை, வெளியில் செல்லாது. வருபவரை எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று வாட்ச்மேனிடம் சொல்லி வைப்பதே போர்ட் ஃபார்வர்டிங்.

சிக்கல் எங்கே? ஐ.பி.வி.4 முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. ஆசிய பசிபிக் பகுதிக்கான இருப்பு 2011-லேயே ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. எனவே பல இன்டர்நெட் நிறுவனங்கள் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியைத் தருகின்றன. இதற்கு சி.ஜி.நாட் என்று பெயர். அதாவது, தெருமுனையில் இன்னொரு வாட்ச்மேன். அவரிடம் நாம் எதுவும் சொல்லி வைக்க முடியாது.

உங்கள் இணைப்பு எப்படி என்று பார்க்க, ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் 'வான் ஐ.பி.' எண்ணைக் கவனியுங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் சி.ஜி.நாட்தான். போர்ட் ஃபார்வர்டிங் பயன் தராது.

இதற்கு எளிய தீர்வு டெயில்ஸ்கேல். தனிநபர் பயன்பாட்டுக்கு இலவசம்.

1. இரண்டு கம்ப்யூட்டர்களிலும் இதை இன்ஸ்டால் செய்து, ஒரே கணக்கில் நுழையவும். இரண்டுமே உள்ளிருந்து வெளியே தொடர்பு கொள்வதால் எந்த வாட்ச்மேனும் தடுப்பதில்லை.
2. வீட்டு கம்ப்யூட்டரில் செட்டிங்ஸ், சிஸ்டம் சென்று ரிமோட் டெஸ்க்டாப்பை ஆன் செய்யவும். விண்டோஸ் ஹோம் பதிப்பில் இந்த வசதி இல்லை. அவர்கள் குரோம் ரிமோட் டெஸ்க்டாப்பைப் பயன்படுத்தலாம். அதற்கு டெயில்ஸ்கேல் தேவையில்லை.
3. ஸ்லீப் வசதியை நிறுத்தி வைக்கவும்.
4. அலுவலகத்தில் ரிமோட் டெஸ்க்டாப் கனெக்‌ஷனைத் திறந்து, டெயில்ஸ்கேல் காட்டும் வீட்டு கம்ப்யூட்டரின் முகவரியை டைப் செய்யவும். அலுவலக கம்ப்யூட்டர் என்றால் முன் அனுமதி பெறுங்கள்; இல்லையேல் சொந்த லேப்டாப்பே நல்லது.

ஓர் எச்சரிக்கை. பொது முகவரி உள்ளவர்களும் 3389 போர்ட்டை இன்டர்நெட்டுக்குத் திறந்து வைக்காதீர்கள். 2019-ல் வெளியான 'புளூகீப்' குறைபாடு, பாஸ்வேர்டே இல்லாமல் ரிமோட் டெஸ்க்டாப் வழியே நுழைய இடம் கொடுத்தது. ஆதரவு முடிந்திருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் அப்போது திருத்தம் வெளியிட்டது.

இந்த ஞாயிற்றுக்கிழமையே அமைத்து, மொபைல் டேட்டா வழியாக ஒருமுறை சோதித்துப் பாருங்கள். கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம்.