பீரோ இறங்கும் பாதை

மூணாறு எஸ்டேட்டில் பணி ஓய்வு பெற்றவர்கள் லயத்து வீட்டைக் காலி செய்யும் நாளில் பாத்திரம், படுக்கை, சாமி படம் எல்லாம் அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். கடைசியில் பீரோ மட்டும் நிற்கும். குறுகலான வாசல், அதைத் தாண்டிப் படிக்கட்டு, அதற்கும் கீழேதான் வண்டி. "இன்னும் ரெண்டு பேரைக் கூப்பிடுங்கண்ணே" என்று யாராவது சொல்வார்கள். ஆள் சேர்க்குமுன் பீரோவை ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பது நல்லது.

ஆறரை அடி உயரம், மூன்றடி அகலம், இருபது அங்குல ஆழம், காலியாக 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சிமெண்ட் தரையில் உராய்வு எண் 0.4 என்றால், அதை நகர்த்த 32 கிலோ அளவுக்குத் தள்ளினால் போதும். தூக்குவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் எங்கே கை வைக்கிறோம்? முன்பக்கம் நின்று நெஞ்சுயரத்தில் தள்ளினால் பீரோ நகராது, பின்னால் சாயும். ஆழத்தில் பாதியான பத்து அங்குலத்தை 0.4-ஆல் வகுத்தால் 25 அங்குலம். அந்த உயரத்துக்கு மேலே கை போனால் கவிழ்ப்பு. அதே பீரோவை விலாப்புறம் நின்று அகலவாக்கில் தள்ளினால் 45 அங்குலம் வரை பயமில்லை. காலுக்கடியில் ஈரச்சாக்கைப் போட்டு இழுக்கும் பழைய உத்தியும் இதே கணக்குதான். உராய்வு குறையக் குறைய, கவிழும் உயரம் மேலே போகும். மேல்தட்டுப் பட்டுப் புடவைகளை முதலில் எடுத்துவிடுங்கள். கதவைப் பூட்டியதோடு நிற்காமல் கயிற்றாலும் கட்டுங்கள். பாதி வழியில் திறந்து ஆடும் கதவு, ஈர்ப்பு மையத்தையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும்.

படிக்கட்டில்தான் சண்டையே வரும். மேலே பிடித்தவர் "நானும்தானே தூக்குறேன்" என்பார்; கீழே நிற்பவர் பதில் சொல்லும் நிலையில் இருக்க மாட்டார். பீரோவைப் படுக்க வைத்து, இருவரும் அடிப்பக்க விளிம்பைப் பிடித்து, 35 பாகைச் சரிவில் இறக்கினால் ஈர்ப்பு மையம் கீழே இருப்பவர் பக்கம் நகர்ந்துவிடுகிறது. 80 கிலோவில் அவர் பங்கு 47, மேலே இருப்பவர் பங்கு 33. பிடியை விளிம்பிலிருந்து பக்கத் தகட்டின் நடுமட்டத்துக்கு உயர்த்தினால், பட்டை கட்டித்தான் அது நடக்கும், பங்கு ஏறக்குறைய சமமாகிவிடும். கீழே திடமான ஆளை நிறுத்துவது அனுபவம். பட்டை கட்டுவது அதற்கும் ஒரு படி மேல்.

பெரிய சாமானைவிட முதுகைக் கெடுப்பது சின்னப் பெட்டிகள் என்பேன். 20 கிலோ புத்தகப் பெட்டியை முதுகெலும்பிலிருந்து ஒன்றரை அடி தள்ளிப் பிடித்தால், அதை நிறுத்த வேண்டிய முதுகுத் தசைக்குக் கிடைக்கும் நெம்புகோல் ஏறத்தாழ இரண்டு அங்குலம். ஒன்பது மடங்கு, தசை இழுக்க வேண்டியது 180 கிலோ. உடம்பின் மேல்பாதிக் கனம் இந்தக் கணக்கில் சேரவில்லை. எல்லாம் முதுகெலும்பின் அடிவட்டுகளில் போய் இறங்குகிறது. பெட்டியை வயிற்றோடு அணைத்தால் இது கணிசமாகக் குறையும்.

தலைச்சுமையில் இந்தத் தூரமே இல்லை. பாரம் முதுகெலும்புக்கு நேர் மேலே நிற்கிறது. கென்யப் பெண்கள் தம் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை தலையில் சுமந்து, கூடுதல் சக்தி செலவழிக்காமல் நடக்கிறார்கள் என்று 1986-ல் 'நேச்சர்' இதழில் ஆய்வு வந்தது. ஆபத்து நடையில் இல்லை, தரையிலிருந்து தலைக்கு ஏற்றும் அந்த நொடியில் இருக்கிறது. அதனால்தான் நம் பழைய வழிகளில் சுமைதாங்கிக் கல் ஆளுயரத்தில் நின்றது. பாலக்காட்டுப் பக்கம் அதையே அத்தாணி என்பார்கள். குனியாமல் இறக்கி, துணைக்கு ஆளில்லாமல் மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம். சும்மாடு கட்டிய தலைகளுக்கென்று 1978-லேயே தனிச் சட்டம் போட்ட மாநிலம் கேரளம். வேலை செய்யாமல் பார்த்து நின்றதற்குக் கேட்கும் நோக்குக்கூலியை 2018 மே முதல் நாள் தடை செய்ததும் அதே மாநிலம்தான். ஓர் ஆண் சுமக்கும் உச்ச எடைக்குப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-ல் பரிந்துரைத்த வரம்பு 55 கிலோ. ஒரே ஆள் பீரோவை முதுகில் ஏற்றுவது வீரம் என்று கைதட்டுகிறவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

இனி மலை. ஒரு காலத்தில் மூணாற்றுச் சரக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து கம்பிவழியில் கொட்டகுடிக்குத் தொங்கிக்கொண்டே இறங்கியது. 1924 வெள்ளம் ரயிலைக் கொண்டுபோனது. அந்தப் பக்கம் இறங்க இப்போது போடிமெட்டு வழியாக லாரிதான், கீழே 17 கொண்டை ஊசி வளைவுகள். 12 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால், 80 கிலோ பீரோவை வெளிப்பக்கம் தள்ளும் விசை 21 கிலோ. வேகம் 30 ஆனால் 47. பீரோவின் குறுகிய பக்கம் வண்டிக்குக் குறுக்காக அமைந்துவிட்டால், 20-லேயே அது சாயத் தொடங்கும். ஆகவே முதுகை டிரைவர் கேபின் சுவரோடு ஒட்டி, மூன்றடி அகலம் வண்டிக்குக் குறுக்காக வரும்படி நிறுத்துங்கள். பிரேக் பிடித்தால் கேபின் தாங்கும், வளைவில் அகலம் தாங்கும், மிச்சத்துக்குக் கயிறு. மெத்தையைப் பக்கத்தில் அடைத்தால் கண்ணாடியும் பிழைக்கும்.

மரக்கட்டிலுக்கு வேறு வைத்தியம். மூணாற்று ஈரத்தில் ஊதியிருந்த மரம், புது வீடு சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் என்றால், பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் காய்ந்து சுருங்கும். பூட்டிய அன்றே திருகை இறுக்கிவிட்டு மறந்தால் ஒரு மாதத்தில் கட்டில் கிரீச்சிடும். இன்னொரு முறை இறுக்க வேண்டும்.

புது வீட்டில் பீரோவை வைத்ததும் கதவு சேரவில்லை என்று வழியில் அடி பட்டதாக நினைத்து லாரிக்காரரைத் திட்டாதீர்கள். தரை மட்டமில்லாவிட்டால் தகட்டுக்கூடு லேசாக முறுக்கிக்கொள்ளும். அட்டையை நான்காக மடித்து ஒவ்வொரு காலுக்கடியிலும் வைத்துப் பாருங்கள். ஏதோ ஒரு காலில் வைத்ததும் 'டக்'கென்று தாழ்ப்பாள் விழும்.