துப்பாக்கிக் கட்டையின் செந்நிறம்

துப்பாக்கி என்றால் நம்மவர் இரும்புக் குழாயையே நினைப்பர். அதைத் தோளில் தாங்கும் கட்டையை எவரும் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், அமெரிக்காவின் பென்ஸில்வேனியாவில், லங்காஸ்டர் முதலிய இடங்களில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள் 18-ஆம் நூற்றாண்டில் செய்த நெடுந்துப்பாக்கிகளின் கீர்த்தியில் பாதி அக்கட்டையைச் சேர்ந்தது எனலாம்.

அவர்கள் பெரும்பாலும் உபயோகித்தது மேப்பிள் மரம். அதிலும் நார்கள் நேரே ஓடாது அலையலையாக மடிந்து செல்லும் மரத்தையே விரும்பினர். இழைத்தவுடன் பார்த்தால் அது வெளுத்த வெறும் கட்டைதான். உள்ளே மறைந்திருக்கும் வரிகளை வெளிக்கொணர்வதே வித்தை.

முதலில் கட்டையை ஈரத்துணியால் துடைப்பர். மெல்லிய நார்கள் மயிர்போல் எழும்பும். உலர்ந்தபின் அவற்றைச் சீவி விடுவர். இவ்வாறு இரண்டு மூன்று தடவை. இதில் சோம்பினால், பின்னர் மழைத்துளி பட்ட இடமெல்லாம் சொரசொரப்பாகும்.

அடுத்தது வெடியுப்புத் திராவகம். நீர் கலந்த அத்திராவகத்தில் இரும்புத் தூளைச் சிறுகச் சிறுகப் போட்டுக் கரைப்பர். அப்போது கிளம்பும் செம்பழுப்புப் புகை நுரையீரலுக்கு நஞ்சு. (நேயர்கள் இதை வீட்டில் பரீட்சிக்க வேண்டாம்!) இக்கரைசலைப் பூசி உலர்த்தினால் மரம் அழுக்குப் பச்சையாகிக் காண்போர் மனம் சோரும். பிறகு கனன்ற இரும்பை மேலே படாமல் அருகே நகர்த்துவர். சூடு எட்டிய இடத்தில் பச்சை மறைந்து செந்நிறம் படரும். மடிந்த நார்களின் வாய்கள் கரைசலை அதிகம் குடிப்பதால் அங்கே கருவரிகளும், இடையே பொன்னிறமும் தோன்றும். பள்ளியில் ரசாயனம் போதிக்கும் நமக்கு நிறமாற்றம் புதிதன்று. எனினும் வாரக்கணக்கில் செதுக்கிய கட்டையின் கதி அந்தச் சில நிமிஷங்களில் நிர்ணயமாவதை எண்ணினால் நெஞ்சு படபடக்கிறது. அதிகம் சுட்டால் மரம் கருகும். எஞ்சிய திராவகத்தைச் சாம்பற்கார நீரால் முறிக்காவிடில் நிறம் நாளடைவில் கெடும்.

பின்பு ஆளிவிதை எண்ணெய். இது நம் தேங்காயெண்ணெய்போல் என்றும் ஈரமாக இராது; காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று இறுகும். மிருதாரசிங்கி சேர்த்துக் காய்ச்சினால் விரைவில் உலரும். உள்ளங்கையால் சிறிதே தேய்த்து, உலரவிட்டு, மீண்டும் தேய்க்க வாரங்கள் செல்லும். எண்ணெய் தோய்ந்த கந்தையைச் சுருட்டி மூலையில் எறிந்தால் அது தானே தீப்பற்றவும் கூடும்.

அத்துப்பாக்கிகள் சில இன்றும் பொருட்காட்சி சாலைகளிலும் வீடுகளிலும் உள. அழுக்கேறிக் கறுத்தன என்றெண்ணிச் சுரண்டிப் புது மெருகிட்டவர் பலர். அவ்வாறு சுரண்டுகையில், செய்தவன் எதைப் பூசினான் என்பதற்கிருந்த சாட்சியும் உதிர்ந்துவிடுகிறது. அந்தக் கறுப்பு பெரும்பாலும் பழைய எண்ணெயும் புகையும் தலைமுறை தலைமுறையாகக் கைபட்ட தடமுமே. விஷயமறிந்தோர் அதன்மேல் உப்புத்தாளை வைப்பதில்லை.